வெள்ளையில் என்ன ரகம்

உட்காருங்கள், டிரைவர். இப்போதைக்கு ஏற்றி முடிக்க மாட்டார்கள். அந்த இரும்புக் கொப்பரையைப் பலகை மேல் தள்ளுவதும், சறுக்கிக்கொண்டு வந்ததும் இறக்கி வைப்பதுமாகக் காலையிலிருந்து இதே கூத்துதான். வெயிலில் நின்று அதைப் பார்ப்பதற்கு இங்கே நிழலில் உட்காரலாம். டீ சொல்லியிருக்கிறேன், வரும்.

நான் உங்கள் வண்டிக்காகக் காத்திருக்கவில்லை. எதிரே போர்டு தெரிகிறதே, ‘வசந்தம் மேடை அலங்காரம்’, அது என் கடை. இந்த இடமும் என்னுடையதுதான். கேட் சாவி என்னிடம் இருக்கிறது, அதனால் வந்து உட்கார்ந்திருக்கிறேன். சட்டையைப் பார்க்கிறீர்களா? சும்மா போட்டது. தேய்த்து வந்ததில் இதுதான் மேலே இருந்தது.

ஷெட் வாசலில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறாளே, அவள் தமயந்தி. என் கூடப்பிறந்த தங்கை. கொப்பரையின் காலைப் பிடித்துக்கொண்டு ‘மெதுவா, மெதுவா’ என்று கத்துகிறாரே கண்ணாடிக்காரர், அவர் அவளுடைய வீட்டுக்காரர் ரெங்கராஜ். என் மாப்பிள்ளை. இரண்டு பேரும் மிஷினோடு ஓசூர் போகிறார்கள். எந்த ஊருக்கு லோடு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். என்ன லோடு என்றுதான் தெரிந்திருக்காது.

கார்த்திகை மாதத்திலிருந்து அவளுக்கும் எனக்கும் பேச்சு இல்லை. அதாவது, அவள்தான் பேசுவதில்லை. எனக்கு ஒன்றும் கிடையாது. வண்டி கிளம்பும்போது வந்து சொல்லிக்கொண்டு போவாள். ஒரே வயிற்றில் பிறந்தவள் சொல்லாமல் ஊரைவிட்டுப் போய்விடுவாளா? அதற்காகத்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சாவி என்னிடம் இருக்கிறது.

என்ன மிஷின் என்று கேட்டீர்கள். சொன்னால் சிரிப்பீர்கள். தெர்மாகோல் இருக்கிறது இல்லையா, டிவி பெட்டிக்குள் வைத்து வருமே, கல்யாண மேடையில் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர் வெட்டி ஒட்டுவோமே, அந்தத் தெர்மாகோல். அதைக் கொப்பரையில் போட்டு, காற்றுப் புகாமல் மூடி, சூடேற்றி, வருகிற ஆவியைக் குழாயில் குளிரவைத்து, அது முதல்முதலில் எந்தத் தண்ணியிலிருந்து வந்ததோ அதே தண்ணியாகத் திருப்பி எடுக்கிறாராம். அந்தத் தண்ணிக்கு ஸ்டைரீன் என்று பெயர். படித்த பாஷையில் மோனோமர். ‘மோனோ ஆக்டிங் கேள்விப்பட்டிருக்கேன் மாப்ளே, இதைக் கேள்விப்பட்டதில்லையே’ என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தமயந்திகூடச் சிரித்தாள். அப்போதெல்லாம் சிரிப்பாள்.

மாப்பிள்ளை வடக்கே ஒரு பெயின்ட் கம்பெனியில் லேபில் இருந்தவர். கை நிறையச் சம்பளம், கம்பெனி குவார்ட்டர்ஸ், மெஸ்ஸில் சப்பாத்தி. அதை விட்டுவிட்டு இங்கே திண்டுக்கல்லுக்கு வந்து, ‘மச்சான், உங்க கடைக்கு எதிர்ல இருக்கிற ஷெட்டைக் குடுங்க’ என்று நின்றார். எதற்கு என்று கேட்டால் உலகத்தில் குப்பை சேருகிறதாம். உலகத்தில் குப்பை சேர்ந்தால் உலகம் பார்த்துக்கொள்ளாதா? வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு ஷெட்டுக்குள் இருந்துகொண்டு இவர் பார்க்க வேண்டுமா?

எனக்குப் புரியவேண்டும் என்று ஒருநாள் பூமாலையை வைத்து விளக்கினார். நான் மாலை, மேடை என்று பிழைக்கிறவன் இல்லையா, அதனால். ‘மச்சான், தெர்மாகோல்ங்கிறது கட்டின மாலை மாதிரி. ஒரே பூவைத் திரும்பத் திரும்ப நார்ல கோத்தது. நான் சூடு பண்ணி நாரை அவுத்துடறேன். பூ உதிரியா வந்துடும். வேணுங்கிறவன் புதுசாக் கட்டிக்கலாம்.’

நான் சொன்னேன், ‘மாப்ளே, கல்யாணம் முடிஞ்ச மாலையை அவுத்துப் பூவை எடுத்து எந்தச் சாமிக்குப் போடுவீங்க?’

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் பதில் தெரியாவிட்டால் கண்ணாடியைத் துடைப்பார். தமயந்திதான் குறுக்கே வந்தாள். ‘அண்ணே, இது வாடுற பூ இல்ல. அதான் விஷயமே. வாடவே வாடாத பூ, குப்பையில கிடக்குது.’ புருஷன் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பிக்கிறாள். சின்ன வயசிலும் அப்படித்தான், வாத்தியார் எதைச் சொன்னாலும் வீட்டுக்கு வந்து ஒப்பிப்பாள். நான்தான் உட்கார்ந்து கேட்பேன். வேறு யார் கேட்டார்கள்?

இன்னொன்று சொல்கிறேன். முதல்முறை அந்தத் தண்ணி வந்தபோது லேசான மஞ்சளாக ஒரு பாட்டிலில் பிடித்து வைத்திருந்தார்கள். நல்லெண்ணெய்க்குத் தம்பி மாதிரி ஒரு நிறம். அதை மறுபடி காய்ச்சி வடித்ததும் தண்ணி மாதிரித் தெளிந்துவிட்டது. அதில் கொஞ்சத்தை ஒரு மூடியில் ஊற்றி, என்னவோ மருந்து விட்டு, சூட்டில் வைத்து, மறுநாள் எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். கண்ணாடி மாதிரி ஒரு வில்லை. ‘பாத்தீங்களா மச்சான், புதுச் சரக்கு மாதிரியே கட்டியாயிடுச்சு.’ நான் கேட்டேன், ‘கட்டியாத்தானே இருந்தது முதல்ல? அதைக் கரைச்சுத் தண்ணியாக்கி, அந்தத் தண்ணியைத் திரும்பக் கட்டியாக்கியிருக்கீங்க. எதுக்குக் கரைச்சீங்க?’ என் கடைப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

இதோ டீ. எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை தூக்கலாகப் போட்டிருப்பான், வண்டிக்காரர் என்று சொல்லியிருந்தேன்.

சரக்கு எங்கிருந்து என்று கேட்பீர்கள். என்னிடமிருந்துதான். முகூர்த்தம் முடிந்த மறுநாள் ஒவ்வொரு மண்டபத்திலிருந்தும் எங்கள் ஆட்கள் அள்ளிக்கொண்டு வருவது மூட்டை மூட்டையாக இருக்கும். மயில், யானை, தாமரை, பெயர் எழுத்து. முன்பெல்லாம் கடைக்குப் பின்னால் குழியில் போட்டுக் கொளுத்திவிடுவோம். ஒரு நெருப்புக்குச்சி போதும், திகுதிகுவென்று எரிந்து அடங்கிவிடும். பின்தெரு ஜனங்கள், காயப்போட்ட துணியில் கரி விழுகிறது என்று சத்தம் போடுவார்கள். அதே ஜனங்கள் மாப்பிள்ளை ஷெட் போட்ட பிறகு அங்கே போய்ச் சத்தம் போட்டார்கள். கொப்பரை வைத்தவர் அவர்தானே, புகையும் அவருடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். நானும் எதற்கு இடையில் புகுந்து பேச வேண்டும்? நம் புகை சாதாரணத் தெர்மாகோல் புகை. வருஷக்கணக்காகப் பழகின புகை. அவருடையது கெமிக்கல்.

என் தங்கை செய்த வேலையைச் சொன்னால் உங்களுக்கே கோபம் வரும். மண்டபத்துக் குப்பையைக் கொட்டிவைத்துக்கொண்டு, கூலிக்கு இரண்டு பெண்களையும் கூட வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டிலும் குண்டூசி பிடுங்குவாள். ஜிகினாவைச் சுரண்டுவாள். பெயின்ட் அடித்த பக்கத்தைக் கத்தியால் சீவி எறிவாள். யார் கல்யாணத்திலோ யாரோ குத்தின ஊசி. என் தங்கை பிடுங்கவேண்டும். ‘உன்னைக் கட்டிக்கொடுத்தது இதுக்கா?’ என்று கேட்டேன். ‘நீங்க ஊசி குத்தாம ஒட்டுங்கண்ணே, எனக்கு வேலை குறையும்’ என்றாள். எவ்வளவு வாய் பாருங்கள்.

அதோடு விட்டாளா? எனக்கே பாடம் எடுத்தாள். ஒரு துண்டை எடுத்து ஒடித்துக் காட்டினாள். ‘அண்ணே, ஒடிச்சா பொரி மாதிரி மணிமணியா உதிரணும். அதுதான் நமக்கு. மடங்கினா வேண்டாம். தட்டு மாதிரி வழவழன்னு ஒடிஞ்சா அதைக் கிட்டவே கொண்டுவராதீங்க.’ டிரைவர், நான் தெர்மாகோல் வெட்ட ஆரம்பித்தபோது இவள் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அந்த வெட்டின காசில்தான் போனாள். எனக்குத் தெர்மாகோல் சொல்லித்தருகிறாள். எங்கள் தொழிலில் வெள்ளையாக இருந்து, வெட்டி, மேடையில் நிற்பதெல்லாம் தெர்மாகோல்தான். வெள்ளையில் என்ன ரகம்? அரிசியா, பொன்னி என்றும் இட்லி அரிசி என்றும் பிரிக்க?

ஆனாலும் கொடுத்தேன். தங்கை கேட்டாள், கொடுத்தேன். நான் பேசுவேனே தவிர கொடுக்காமல் இருந்ததில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அந்தச் சமயம் பார்த்து ஒரு கம்பெனியிலிருந்து கடிதாசி, போன் என்று ஒரே அமளி. தண்ணியைப் பார்க்க வருகிறார்களாம். அவர்கள் கண்ணெதிரே கொப்பரையை ஓட்டிக் காட்டவேண்டும். வடிந்து வருவது சுத்தமாக இருந்தால் அந்தக் கம்பெனியே எடுத்துக்கொள்ளும், இங்கேயே மிஷினைப் பெரிதாகப் போட்டுத் தரும். இல்லாவிட்டால் மாப்பிள்ளை மறுபடி வடக்கே வேலை தேடிப் போகவேண்டியதுதான். தமயந்தி அதை நினைத்துத்தான் பயந்தாள். அங்கே அவளுக்குப் பாஷையும் வரவில்லை, வெயிலும் ஒத்துக்கொள்ளவில்லை. ‘இங்கயே இருந்துடணும்ணே’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ‘உங்க கடையைப் பாத்துக்கிட்டு எதிர்லயே இருந்துடணும்’ என்பாள்.

மழையில் அவள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் சேறாகிவிட்டது. சேற்றோடு கொப்பரையில் போட முடியாதாம். வந்து நின்றாள். ‘அண்ணே, சுத்தமா, வெள்ளையா, கொஞ்சம் வேணும். பெயின்ட் படாதது. கம்பெனி ஆளுங்க வர்ற அன்னிக்கு மட்டும்.’

கேட்டுவிட்டாள் இல்லையா? நான் என்ன செய்தேன் தெரியுமா? என்னிடம் இருந்ததிலேயே உசத்தியைக் கொடுத்தேன். ஒரு நகைக்கடைக்காரர் வீட்டு வரவேற்புக்கு மேடை போட்டிருந்தோம். அதற்கு இப்போது புதிதாக வருகிறதே, பளபளவென்று பீங்கான் மாதிரி ஒரு தெர்மாகோல், கடையில் ஃபோம் போர்டு என்பான், அதில்தான் முழு மேடையும் வெட்டியிருந்தோம். விலை தனி, வெள்ளை தனி. தூசி ஒட்டாது, ஈரம் இறங்காது. ஒரு ஊசி குத்தவில்லை, ஒரு சொட்டுப் பெயின்ட் இல்லை. வெட்டி மீந்தது, மேடையிலிருந்து பிரித்தது எல்லாவற்றையும் பையன்களை விட்டுச் சின்னச் சின்னத் துண்டாக ஒடிக்கச் சொன்னேன். சாதாரணமாக ஒடியவில்லை, சுத்தியலால் தட்டித்தான் ஒடித்தார்கள். அவ்வளவு தரம். சாக்கில் கட்டி, மேலே அழகுக்கு நாலு சாதாரணத் துண்டையும் பரப்பி, வாயைத் தைத்து அனுப்பினேன்.

அவள் சாக்கைப் பிரிக்கப் போனாள். நான் தடுத்தேன். ‘நான் பாத்துக் கட்டினது. உங்கண்ணன் மேல நம்பிக்கை இல்லியா?’

உடனே கையை எடுத்துவிட்டாள். அந்த மரியாதை அவளுக்கு எப்போதும் உண்டு. அதைச் சொல்லவேண்டும்.

கார்த்திகை பிறந்ததும் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். காரிலிருந்து இறங்கினதும் மூக்கில் கைக்குட்டை. நானும் போய் ஓரமாக நின்றேன், என் சரக்கு எப்படி என்று சொல்லுவார்கள் இல்லையா. கொப்பரை சூடேறியது. மாப்பிள்ளை ஒவ்வொரு மீட்டர் முள்ளையும் குனிந்து குனிந்து பார்க்கிறார். தமயந்தி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். குழாயில் ஒரு சொட்டு வந்தது, இரண்டு சொட்டு வந்தது. தெளிவாகத்தான் வந்தது. அப்புறம் எங்கிருந்தோ வெள்ளைப் புகை. ஐயோ, அந்த நெடி. மிளகாய் வறுத்தால் இருமல் வருமே, அது ஒன்றுமே இல்லை. கண்ணில் ஊசி ஏற்றின மாதிரி. கம்பெனி ஆட்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து வெளியே ஓடினார்கள். வடிந்தது கறுப்பாக, பீடிக்கறை மாதிரி. மாப்பிள்ளை மட்டும் உள்ளேயே நின்று நெருப்பை அணைத்துவிட்டு, இருமிக்கொண்டே வந்து படியில் உட்கார்ந்தார். பிறகு பார்த்தால் அந்தக் குளிரவைக்கிற குழாயின் உட்பக்கமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரிப் பொத்தல். எவர்சில்வர் என்றார், எவர்சில்வர் பொத்தலாகுமா? ஏமாந்து வாங்கியிருக்கிறார்கள். இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அவிழ்க்க முடியாததை அவிழ்க்கப் போனால் இப்படித்தான்.

கார் போய்விட்டது. டாட்டா காட்டக்கூட நிற்கவில்லை.

மாப்பிள்ளை பிறகு மெதுவாகத் தமயந்தியைக் கேட்டார். ‘சாக்கைப் பிரிச்சுப் பாத்தியாம்மா?’

அவள், ‘எங்கண்ணன் குடுத்தது’ என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அவர் எழுந்துபோய் மீதிச் சாக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். ஒயரில் இருக்கும் செம்புக்கம்பி ஒன்றைச் சீவி, சின்ன ஸ்டவ் ஒன்றைப் பற்றவைத்து அதில் பழுக்கக் காய்ச்சி, அந்தத் துண்டில் ஒரு தொடு தொட்டு, மறுபடி நெருப்பில் காட்டினார். பச்சையாக எரிந்தது, டிரைவர். நல்ல வாழையிலைப் பச்சை. மத்தாப்பு மாதிரி. பிறகு, பொரியாக உதிரும் பழைய துண்டு ஒன்றை எடுத்து அதே மாதிரிச் செய்தார். மஞ்சள் நெருப்பும் கரியும்தான் வந்தது, பச்சை வரவில்லை.

‘இது வேற மச்சான்’ என்றார். ‘இதுல குளோரின் இருக்கு. சூடு பண்ணினா ஆசிட்தான் வரும்.’

நல்ல வித்தை. கண்கட்டுக்காரன்கூடக் கற்றுக்கொள்ளலாம். கம்பியில் எதைத் தடவி வைத்திருந்தாரோ. மிஷின் கெட்டதற்குப் பழியை என் சாக்கில் போடப் பார்க்கிறார். நான் விடவில்லை. ‘மாப்ளே, ஊரிலேயே உசத்தியான தெர்மாகோல் குடுத்திருக்கேன். உங்க கொப்பரைக்கு அதைத் தாங்கற யோக்கியதை இல்ல. ஏழை வயித்துல நெய்ச்சோறு போட்ட கதைதான்’ என்றேன். நியாயமாகப் பேசினேன். சிரிப்பும் வரட்டும் என்றுதான் பேசினேன். என் பையன்கள் அன்றைக்கு ஏனோ சிரிக்கவில்லை.

தமயந்தி அந்தத் துண்டைக் கையில் வாங்கினாள். ஒடித்துப் பார்த்தாள். ஒடியவில்லை. சுவரில் வைத்து அழுத்தினாள், தட்டு ஒடிவது மாதிரி ஒடிந்தது. கீழே ஒரு மணிகூட உதிரவில்லை. என்னைப் பார்த்தாள். என்ன பார்வை அது என்று இன்றைக்குவரை எனக்குப் புரியவில்லை. கோபமென்றால் எனக்குத் தெரியும், நான் வளர்த்த பெண். அது கோபம் இல்லை. ரோட்டில் போகிற ஆளை, தெரிந்தவராக இருக்குமோ என்று பார்த்துவிட்டு, இல்லை என்று தெரிந்ததும் திரும்பிக்கொள்வோமே, அந்த மாதிரி. உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு நின்ற பேச்சுதான். கார்த்திகை தீபத்துக்குப் பொரி, அப்பம் கொடுத்தனுப்புவாள், அனுப்பவில்லை. பொங்கலுக்கு நான் சீர் கொண்டுபோய் வைத்தேன். மாப்பிள்ளைதான் எடுத்து உள்ளே வைத்தார். அவள் அடுப்பங்கரையிலிருந்து அவரிடம், ‘வந்தவங்களுக்குக் காப்பி வேணுமான்னு கேளுங்க’ என்றாள். வந்தவங்களாம். நான் வந்தவங்க. ‘வேணும்னு சொல்லுங்க மாப்ளே, சர்க்கரை போடச் சொல்லுங்க’ என்றேன் நானும் அவரிடமே. காப்பி வந்தது. சர்க்கரை சரியாக இருந்தது. எனக்கு எவ்வளவு வேண்டும் என்று அவளுக்கு மறக்கவில்லை, பார்த்தீர்களா.

மாப்பிள்ளையைச் சொல்லவேண்டும். இத்தனை ஆன பிறகும் ஒருநாள்கூட மச்சான் என்ற வார்த்தையை விடவில்லை. அந்தப் பொத்தல் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, யாரையோ பிடித்து வேறு குழாய் போட்டு, மறுபடி ஊசி பிடுங்கி, மறுபடி காய்ச்சி, தை முடிவதற்குள் தெளிந்த தண்ணியை எடுத்துவிட்டார்கள். என்னிடம் ஒரு துண்டு கேட்கவில்லை. மதுரையிலிருந்து, ஐஸ் போட்டு மீன் வருமே அந்தத் தெர்மாகோல் பெட்டி வாங்கி வந்து, கழுவிக் காயவைத்து, அதை உடைத்துப் போட்டார்கள். மீன் பெட்டி, டிரைவர்! எதிர்க் கடையில் என் வெள்ளை மூட்டை கிடக்க, நாற்றமடிக்கிற மீன் பெட்டி. அதைப் பார்த்து ஓசூரில் ஒருத்தன் இடம் கொடுத்து, வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறான் என்றால் அவன் எப்பேர்ப்பட்ட புத்திசாலியாக இருப்பான்? ஒரு வருஷம் தாங்காது. திரும்பி இங்கேதான் வரவேண்டும். ஷெட்டை நான் யாருக்கும் விடுவதாக இல்லை. சாவி என்னிடமே இருக்கட்டும்.

அதோ, ஏற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. தார்ப்பாய் போடுகிறார்கள். கயிறு இறுக்கவேண்டும். நீங்கள் உட்காருங்கள், டீயை முடியுங்கள். இப்போது அவள் வருவாள். பாருங்கள், முந்தானையை உதறிவிட்டு முகத்தைத் துடைக்கிறாள். இந்தப் பக்கம்தான் வருகிறாள். நான் சொன்னேனா இல்லையா. நான் ஒன்றும் பெரிதாகப் பேசப்போவதில்லை. போய்விட்டு வா என்பேன். வழியில் தண்ணி மாற்றிக் குடிக்காதே, உனக்குத் தொண்டை கட்டும் என்பேன். அவ்வளவுதான். பழசைப் பேசமாட்டேன். அவளாக அந்தச் சாக்கைப் பற்றி எடுத்தால், போகட்டும் விடு, நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுவேன். பெரியவன் நான்தானே விட்டுக்கொடுக்கவேண்டும்.

‘அண்ணே.’

கேட்டீர்களா? கூப்பிட்டுவிட்டாள். ‘இந்தா வந்துட்டேம்மா. நீ ஏன் வெயில்ல நடந்து வர்றே, அங்கயே நில்லு.’

‘அண்ணே, கயிறெல்லாம் கட்டியாச்சு. நேரத்தோட போனா நல்லதுன்னு அவரு சொல்றாரு. டீ குடிச்சாச்சுன்னா வண்டியை எடுத்துடலாமா?’

போங்கள், டிரைவர். உங்களைத்தான் கூப்பிடுகிறாள்.